மணிக்கட்டு வலியும் நாலு கம்பியும் - ஒரு சின்ன சரித்திரம்

மக்களே, பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு உட்காருங்க.

பேஸ் கிட்டார் வாசிக்கிற ரெண்டு பேர் சந்திச்சா முதல்ல என்ன ஆம்ப், என்ன கம்பின்னு பேசுவாங்க. கொஞ்ச நேரம் போனா ஒருத்தர் இடது கையை உதறிக்கிட்டே மணிக்கட்டைக் காட்டி, "உங்களுக்கும் இங்க வலிக்குமா?"ன்னு கேட்பார். அப்ப பக்கத்துல நிக்குற மூணாவது ஆள், "வலிச்சாத்தான் தம்பி வாசிப்பு வரும்"னு ஒரு தத்துவத்தை உதிர்த்துட்டுப் போவார். இந்தத் தத்துவம் எங்கிருந்து வந்துச்சு, இதுல எவ்வளவு உண்மைன்னு தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

நம்மில் பல பேருக்கு பேஸ் கிட்டார்னு ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சதே ராஜா பாட்டு கேட்டுத்தான். ஹெட்போன் மாட்டிக்கிட்டு சசிதரன் வாசிச்ச பேஸை மட்டும் தனியா பிரிச்சுக் கேட்கிற கூட்டம் நம்ம பதிவர்கள்லயே எத்தனை பேர்! ரஹ்மான் பாட்டுகள்ல கீத் பீட்டர்ஸ் வாசிப்புக்கும் அப்படி ஒரு ரசிகர் கூட்டம் உண்டு. சத்தம் வழுக்கிக்கிட்டு வரும். அதைக் கேட்கும்போது கம்பியை அழுத்துற கையோட உழைப்பு நமக்குத் தெரியாது. வழக்கமான அளவு பேஸ்ல ஒவ்வொரு கம்பியும் சுமார் 18 முதல் 20 கிலோ இழுவிசையில நிக்குது. சாதாரண எலக்ட்ரிக் கிட்டாரோட மெல்லிய கம்பிக்கு சுமார் 7 கிலோதான். அதை நாள் பூரா அழுத்திப் பிடிக்கணும்னா சும்மாவா?

கையோட கணக்கு

சரித்திரத்துக்குப் போறதுக்கு முன்னால கொஞ்சம் உடம்பு சமாச்சாரம். விரலை மடக்குற பெரிய தசைகள் விரல்ல கிடையாது, முழங்கைக்குக் கீழே முன்னங்கையில இருக்கு. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் கிளம்பி மணிக்கட்டு வழியா விரலுக்குப் போகுது. மணிக்கட்டுல ஒரு குறுகலான சந்து. மூணு பக்கம் எலும்பு, மேலே ஒரு கெட்டியான தசைநார். இதுக்குப் பேர்தான் கார்ப்பல் டனல். இந்தச் சந்துக்குள்ள 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடிச்சுக்கிட்டுப் போகுது. காலைநேரத்து ரங்கநாதன் தெருவைக் கற்பனை பண்ணாதீங்க, தீபாவளிக்கு முந்தின சாயங்காலத்து ரங்கநாதன் தெருவைக் கற்பனை பண்ணிக்குங்க :-)

மணிக்கட்டு நேரா இருந்தா கயிறுகள் சுலபமா ஓடும். மடங்கியிருந்தா கயிறு மூலையில உரசும், சந்துக்குள்ள அழுத்தம் ஏறும், நரம்பு நசுங்கும். இப்பவே சோதிச்சுப் பாருங்க. மணிக்கட்டை உள்பக்கமா முழுசா மடக்கிக்கிட்டு முஷ்டியை இறுக்கிப் பிடிங்க. முடியலை இல்லையா? இப்ப மணிக்கட்டை நேராக்கிட்டுப் பிடிங்க. வித்தியாசம் தெரியும். மடங்கின மணிக்கட்டோட வாசிக்கிறவர் அதே ஸ்வரத்துக்கு அதிக பலம் செலவழிக்கிறார். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கிட்டா மீதிக் கதை தானா புரியும்.

பேஸுக்கு முன்னாலேயே இருந்த வலி

கை வலியைப் பத்தி முதல்ல ஒழுங்கா எழுதினவர் இத்தாலிக்காரர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. தொழிலாளர்களுக்கு வர்ற நோய்களைப் பத்தி 1700ல ஒரு புத்தகம் போட்டார். 1713ல அதை விரிவாக்கினப்போ கணக்கப்பிள்ளைகள், எழுத்தர்களைப் பத்தியும் சேர்த்தார். ஓயாத உட்கார்வு, ஒரே மாதிரி ஓயாத கை அசைவு, தப்பு வந்துடக்கூடாதேங்கிற மன அழுத்தம்னு மூணு காரணம் சொன்னார். வாழ்நாள் பூரா எழுதியே வலது கையை இழந்து, இடது கையில எழுதப் பழகி, கடைசியில அதுவும் போன ஒருத்தரைப் பத்தியும் குறிப்பிடுறார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால பேனாவுக்குச் சொன்னது. இன்னிக்குக் கம்ப்யூட்டர் முன்னால உட்கார்ற நமக்கும் பொருந்துது, பேஸ் கிட்டாருக்கும் பொருந்துது.

இசைக்காரங்க கதைக்கு வந்தா, எல்லாருக்கும் தெரிஞ்ச பேர் ராபர்ட் ஷூமன். 1830களின் ஆரம்பத்துல லைப்ஸிக்ல பியானோ கத்துக்கிட்டிருந்தார். பெரிய பியானோ கலைஞராகணும்னு வெறி. விரல் பயிற்சிக்கு ஒரு கருவியைக்கூடப் பயன்படுத்தினார். வலது கை விரல் கட்டுப்பாட்டை இழந்ததோட மேடைக் கனவு முடிஞ்சுபோச்சு. காரணம் அந்தக் கருவியா, வேற நோயான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை நடக்குது. உலகத்துக்கு ஒரு இசையமைப்பாளர் கிடைச்சாரேன்னு நாம சந்தோஷப்பட்டுக்கலாம். ஆனா அந்த இருபது சொச்சம் வயசுப் பையனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

1887ல லண்டன் டாக்டர் ஜார்ஜ் விவியன் பூர், பியானோ வாசிக்கிறவங்க கை வலியைப் பத்தி மருத்துவப் பத்திரிகையில எழுதினார். 1926ல பெர்லின்ல கர்ட் சிங்கர்னு ஒருத்தர் இசைக்காரர்களோட தொழில் நோய்களுக்குன்னே தனிப் புத்தகம் எழுதினார். இவர் டாக்டர், அதோட இசை நடத்துனர். ரெண்டு பக்கமும் தெரிஞ்சவர். ஆனா யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் வேலையை விட்டுத் துரத்தப்பட்டார். வேலை இழந்த யூதக் கலைஞர்களுக்காக ஒரு கலாசார சங்கத்தை நடத்தினார். கடைசியில 1944ல தெரேஸியன்ஸ்டட் முகாம்ல செத்துப்போனார். இசைக்காரர்களோட கையைக் காப்பாத்தணும்னு யோசிச்ச மனுஷனுக்கு நடந்தது இது. அவரோட புத்தகம் வந்ததுக்கப்புறம் இந்தத் துறை ஒரு இயக்கமா எழுந்து நிக்க அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு.

ஆக, 1951ல பேஸ் கிட்டார் கடைக்கு வந்தப்போ "ஓயாம வாசிச்சா கை கெடும்"ங்கிறது புது விஷயமே இல்லை. தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. அந்த அறிவு இந்தப் புது வாத்தியக்காரங்க கைக்கு வந்து சேரலைங்கிறதுதான் பிரச்சினை. ஏன்னு பார்ப்போம்.

பாட்டனார் வாத்தியம்

பேஸ் கிட்டாரோட பாட்டனார் டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல இருக்கும், நின்னுக்கிட்டோ உயரமான ஸ்டூல்ல உட்கார்ந்தோ வாசிப்பாங்க. அதிர்கிற கம்பியோட நீளம் சுமார் 42 அங்குலம். இதுல சுலபமா வாசிக்க ஒரு பாடமுறை இருந்துச்சு. வியன்னாவில் இருந்த ஃபிரான்ஸ் சிமாண்டில் (1840-1912) என்ற ஆசிரியரோட பேர்ல அது பிரபலம். விஷயம் எளிது. கழுத்தோட கீழ்ப்பகுதியில ஆள்காட்டி விரல், நடுவிரல், சுண்டுவிரல் - இந்த மூணுக்கும் மட்டுமே தனித்தனி ஸ்வரம். மோதிர விரல் தனியா வேலை பார்க்காது, சுண்டுவிரலுக்குப் பக்கத்துல நின்னு முட்டுக் கொடுக்கும். 1-2-4ன்னு சொல்வாங்க. ஒரு இடத்துல கை நின்னா ரெண்டு அரை ஸ்வர தூரம்தான் எட்டணும். அதுக்கு மேல வேணும்னா விரலை நீட்டாதே, கையையே நகர்த்து. அவ்வளவுதான்.

டபுள் பேஸ்ல இன்னொரு வசதியும் இருக்கு. கழுத்து செங்குத்தா நிக்கிறதால இடது மணிக்கட்டு ஏறக்குறைய நேரா இருக்கும். அந்த வாத்தியத்துக்கும் வேற வலிகள் உண்டு, தோளும் முதுகும் படாத பாடு படும். ஆனா விரலை விரிக்காம கையை நகர்த்துங்கிற புத்தி தலைமுறை தலைமுறையா ஆசிரியர் வழியா வந்துக்கிட்டிருந்துச்சு.

ஃபெண்டர் கடை திறக்கிறார்

டபுள் பேஸுக்கு ரெண்டு குறை. ஒண்ணு, தூக்கிக்கிட்டு அலைய முடியாது. ரெண்டு, சத்தமான பேண்டுல காதுல விழாது. 1930களின் நடுவிலேயே அமெரிக்காவின் சியாட்டில்ல பால் டுட்மார்க் என்பவர், ஃப்ரெட் வெச்சு கிட்டார் மாதிரி குறுக்கே பிடிச்சு வாசிக்கிற எலக்ட்ரிக் பேஸ் ஒண்ணை ஆடியோவாக்ஸ் பேர்ல வித்துப் பார்த்தார். (வீணையில மெட்டுன்னு சொல்றோமே, அதோட மேல்நாட்டு அண்ணன்தான் ஃப்ரெட்.) அது சூடு பிடிக்கலை.

கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951 கடைசியில கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ்தான் ஜெயிச்சது. சுருதி துல்லியமா நிக்கும், ஃப்ரெட்தான் இருக்கேன்னு அந்தப் பேர். தமாஷ் என்னன்னா லியோவுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்கிறவங்களைக் கேட்டுக் கேட்டுச் செஞ்ச மனுஷன். கம்பி நீளத்தை 34 அங்குலம்னு முடிவு பண்ணார். 42க்கும் கிட்டாரோட 25.5க்கும் நடுவுல ஒரு ராஜி. இன்னிக்கு வரைக்கும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதே 34தான்.

யாருக்காக இந்த வாத்தியம்? டபுள் பேஸ்காரர்களுக்கு மட்டும் இல்லை. வேலை தேடுற கிட்டார்காரர்களும் எடுத்து உடனே பேஸ் வாசிக்கலாம்ங்கிறது பெரிய கவர்ச்சி. ஃப்ரெட் இருக்கு, தோள்ல மாட்டலாம், கிட்டார் மாதிரியே பிடிக்கலாம். இங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது. கிட்டார்காரர்கள் வந்தாங்க, கூடவே கிட்டார் பழக்கமும் வந்துச்சு. ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல், நாலு ஃப்ரெட்டுக்கு நாலு விரல்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கம்பி நீளம் தெரிஞ்சா ஃப்ரெட் தூரம் கணக்குல வந்துடும். முதல் ஃப்ரெட்ல ஆள்காட்டி விரல், நாலாவது ஃப்ரெட்ல சுண்டுவிரல் வெச்சா எவ்வளவு விரிக்கணும்?

கிட்டார்ல (25.5 அங்குலம்) சுமார் 9.7 செ.மீ.
34 அங்குல பேஸ்ல சுமார் 13 செ.மீ.
டபுள் பேஸ்ல சிமாண்டில் முறைப்படி ரெண்டு அரை ஸ்வரம் மட்டும் எட்டினா சுமார் 11 செ.மீ.

திரும்பப் படிங்க. ஆள் உயர வாத்தியத்துல 11. அதைவிடச் சின்ன வாத்தியத்துல 13! வாத்தியத்தைச் சின்னதாக்கி, பழக்கத்தை மாத்தினதால விரிப்பு கூடிடுச்சு. அதே பேஸ் கிட்டார்ல 1-2-4 முறையில வாசிச்சா விரிப்பு சுமார் 8.9 செ.மீ.தான், கிட்டாரைவிடக் குறைவு. விரலை அவ்வளவு விரிக்க முயற்சி பண்ணும்போது பல பேருக்கு மணிக்கட்டு தானா வளையும், கட்டைவிரல் பின்னால இருந்து உடும்புப்பிடி பிடிக்கும். வலிக்காம என்ன செய்யும்?

ரெண்டு பள்ளிக்கூடம்

1960கள்ல பேஸ் கிட்டாருக்கு இலக்கணம் எழுதினவங்கள்ல முக்கியமானவர் டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன். மோட்டவுன் கம்பெனி பாட்டுகள்ல கேட்கிற அந்த ஓடி ஆடுற பேஸ் பெரும்பாலும் இவர்தான். ஸ்கூல்ல டபுள் பேஸ் கத்துக்கிட்டு வந்தவர். பிரிசிஷன் பேஸ் எடுத்தப்புறமும் அந்தப் பழக்கத்தை விடலை. இடது கையில டபுள் பேஸ் விரலமைப்பு, இடையிடையே எங்கேயும் அழுத்தாத திறந்த கம்பி ஸ்வரங்கள். வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணு மட்டும். அதுக்குக் கொக்கின்னே பட்டப்பேர். அவரோட வாத்தியத்துல கம்பி ரொம்ப உயரத்துல நிக்கும், மத்தவங்க தொடவே பயப்படுவாங்க. அதை நாம காப்பியடிக்க வேண்டாம். ஆனா திறந்த கம்பி ஒலிக்கிற ஒவ்வொரு முறையும் இடது கைக்கு ஒரு நொடி ஓய்வு. அதைத் தாராளமா காப்பியடிக்கலாம்.

மேற்குக் கரையில கேரல் கே. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்கள்ல கிட்டார் வாசிச்சுக்கிட்டிருந்த அம்மா. 1963ல ஒரு பதிவுக்கு பேஸ்காரர் வரலைன்னு இவங்க கையில பேஸைக் கொடுத்தாங்க, அப்புறம் அதுவே தொழிலாச்சு. கிட்டார்ல இருந்து வந்தவங்கதான், ஆனாலும் பிற்பாடு பாடம் எடுத்தப்போ ஒரு ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் முறையை இவங்க ஆதரிக்கலை. பேஸுக்கு 1-2-4தான்னு விடாப்பிடியா சொன்னவங்க. வலது மணிக்கட்டைத் தட்டையா நேரா வெச்சு பிக் பிடிக்கிறதும் இவங்க பாடம். நாள் முழுக்க, வருஷக்கணக்கா ஸ்டுடியோவில் வாசிச்சவங்க சொல்றாங்கன்னா காது கொடுத்துக் கேட்கணும் இல்லையா?

கை சின்னதா இருக்கிறவங்களுக்கு வேற வழி இருந்துச்சு. பால் மெக்கார்ட்னியோட வயலின் வடிவ ஹோஃப்னர் 30 அங்குலம்தான், எடை ரெண்டு கிலோ சொச்சம். ரோலிங் ஸ்டோன்ஸ் பில் வைமனுக்குக் கை சின்னது. குட்டை பேஸ்களை வாங்கி, கிட்டத்தட்ட செங்குத்தா நிமிர்த்திப் பிடிச்சு வாசிப்பார். பழைய வீடியோக்களைப் பாருங்க, சிலை மாதிரி நின்னுக்கிட்டு நட்டுக்குத்தலா பேஸைப் பிடிச்சிருப்பார். கிண்டல் பண்றவங்க உண்டு. ஆனா அது டபுள் பேஸ் கோணம், மணிக்கட்டு நேரா நிக்கிற கோணம். ஃபெண்டரும் 1960ல ஜாஸ் பேஸ்னு மெல்லிய கழுத்தோட ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. கழுத்து நுனி அகலம் பிரிசிஷன்ல சுமார் 44 மி.மீ., இதுல சுமார் 38.

மணிக்கட்டு விஷயத்துல ஒரு விசித்திரமான ஆள் ஜாகோ பாஸ்டோரியஸ். பிரிசிஷன் பேஸ் பிறந்த அதே 1951ல பிறந்தவர். முதல்ல டிரம்ஸ்காரர். 13 வயசுல ஃபுட்பால் ஆடி மணிக்கட்டுல அடிபட்டு, ஆபரேஷன் வரைக்கும் போய், டிரம்ஸ் வாசிக்க முடியாமத்தான் பேஸ் பக்கம் வந்தார். பேஸ் கிட்டார் சரித்திரத்தையே திருப்பிப்போட்டவர் ஒரு அடிபட்ட மணிக்கட்டால நமக்குக் கிடைச்சார். அதுக்காக அடிபட்டா நல்லதுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க சாமி.

பேஸ் கீழே இறங்கின காலம்

1970கள்ல பங்க் வந்துச்சு. சிட் விஷஸ், டீ டீ ராமோன், கொஞ்சம் தள்ளி பீட்டர் ஹுக் - எல்லாருக்கும் பேஸ் தொடை வரைக்கும் தொங்கும். பார்க்க அசத்தலா இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா வாத்தியம் இறங்க இறங்க ரெண்டு மணிக்கட்டுக்கும் வேலை கூடும். இடது கை கழுத்தைச் சுத்தி வர்றதுக்கு மடங்கணும். வலது கை மேலேயிருந்து கம்பிக்கு இறங்கி வர்றதுக்கு மடங்கணும். மேலே சொன்ன முஷ்டி சோதனையை நினைச்சுக்குங்க. இதுக்கு நேர் எதிர் லெவல் 42 குழுவோட மார்க் கிங். நெஞ்சு வரைக்கும் தூக்கி மாட்டிக்கிட்டு, இயந்திரத் துப்பாக்கி வேகத்துல கட்டைவிரலால அடிப்பார்.

இன்னொரு வில்லன் கழுத்துச் சாய்வு. சில பேஸ்கள்ல கழுத்துப் பக்கம் பாரம் அதிகம். கையை விட்டா தலை தரையைப் பார்த்துப் போகும். கிப்ஸனோட ஈபி-0, தண்டர்பேர்ட் ரெண்டும் இதுக்குப் பேர்போனவை. இடது கை ஸ்வரத்தையும் அழுத்தணும், வாத்தியத்தையும் தாங்கணும். ரெண்டு சம்பளம் இல்லாம ரெண்டு வேலை!

இதுக்குப் பதில் கண்டுபிடிச்சவர் ஒரு நாற்காலி ஆசாமி. நெட் ஸ்டைன்பெர்கர், நியூயார்க்ல மரச்சாமான் வடிவமைப்பாளர். மனுஷ உடம்பு எங்க உட்காரும், எங்க சாயும்னு யோசிச்சே பழகினவர். 1977ல ஸ்டூவர்ட் ஸ்பெக்டருக்காக உடம்போட ஒட்டி உட்கார்ற மாதிரி வளைஞ்ச பேஸ் ஒண்ணை வடிவமைச்சார். அடுத்து ஒரே போடா தலையையே வெட்டிட்டார். சுருதி முறுக்கிகளைக் கீழ்ப்பக்கம் கொண்டுவந்து, கார்பன் ஃபைபர்ல சின்ன உடம்பு பண்ணி, 1980 வாக்குல தலையில்லாத பேஸ் வந்துச்சு. துடுப்பு மாதிரி இருக்குன்னு சிரிச்சாங்க. ஆனா கையை எடுத்தாலும் சாயாம நின்னுச்சு. இன்னிக்கு எடை குறைஞ்ச, தலையில்லாத பேஸ்கள் பல கம்பெனிகள்ல கிடைக்குது. எல்லாத்துக்கும் மூலவர் அந்த நாற்காலிக்காரர்தான்.

வாயைத் திறந்தவர்கள்

வாத்தியம் மாறிக்கிட்டிருந்த அதே சமயம் இன்னொரு பெரிய மாற்றமும் நடந்துச்சு. அதுவரைக்கும் இசைக்காரங்க கை வலியை வெளியே சொல்ல மாட்டாங்க. சொன்னா அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட மாட்டாங்க. இந்தப் பயம்தான் "வலிச்சாத்தான் வரும்"ங்கிற தத்துவத்தை வளர்த்துச்சுன்னு நான் நினைக்கிறேன். வலியை மறைக்க ஒரு கௌரவமான வசனம் வேணும் இல்லையா?

அமெரிக்கப் பியானோ கலைஞர் லியான் ஃபிளைஷர் 1964ல, 36 வயசுல, வலது கையோட கடைசி ரெண்டு விரல்களின் கட்டுப்பாட்டை இழந்தார். அவை தானா மடங்கிக்கும். இது ஃபோகல் டிஸ்டோனியாங்கிற நரம்பியல் கோளாறு. சாதாரண வலி கேஸ் இல்லை, மூளைக்கும் விரலுக்கும் நடுவுல நடக்கிற குழப்பம். முப்பது வருஷம் இடது கைக்கு மட்டும் எழுதின இசையை வாசிச்சார், சொல்லிக் கொடுத்தார், இசை நடத்தினார். 1990கள்ல போடாக்ஸ் ஊசி சிகிச்சை உதவ, 2004ல ரெண்டு கையாலும் வாசிச்ச ஆல்பம் வெளியிட்டார். கேரி கிராஃப்மன் என்ற இன்னொரு பியானோ கலைஞருக்கும் 1970களின் கடைசியில வலது கை போச்சு. 1981ல இவங்க கதை பத்திரிகையில வெளியே வந்ததும் அணை உடைஞ்ச மாதிரி ஆச்சு. அவனவன் "எனக்கும்தான்"னு டாக்டரைத் தேடி வந்தான்.

1983ல ஆஸ்பென்ல இதுக்குன்னே ஒரு கருத்தரங்கு. 1986ல தனி மருத்துவ இதழ். 1989ல கலைஞர்களுக்கான மருத்துவ சங்கம். அமெரிக்காவின் 48 சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராக்கள்ல 1986ல எடுத்த கணக்கெடுப்புல 2,212 பேர் பதில் சொன்னாங்க. அதுல 76 சதவீதம் பேர் வாசிப்பையே பாதிக்கிற அளவுக்கு ஒரு உடல் பிரச்சினையாவது இருக்குன்னாங்க. நாலுல மூணு பேர்! "எனக்கு மட்டும்தான் கை பலவீனம்"னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா நினைச்சுக்கிட்டிருந்திருக்காங்க.

பேஸ் உலகத்துலயும் இந்தக் காத்து வீசுச்சு. விக்டர் வூட்டன் - பேஸ் வாசிக்கிறவங்க தலைக்கு மேல வெச்சுக் கொண்டாடுற ஆள் - தனக்கு ஃபோகல் டிஸ்டோனியா இருக்கிறதை வெளிப்படையாவே பேசியிருக்கார். அப்பேர்ப்பட்டவரே சொல்றப்போ நாம மறைக்கிறதுல என்ன பெருமை? அதேபோல கேரி வில்லிஸ் என்ற பேஸ் கலைஞர், கம்பிக்கு அடியில ஒரு சின்ன மரப்பலகையை ஒட்டி விரல் ஆழமா இறங்காம பண்ணிக்கிட்டார். ராம்ப்னு பேர். ஆம்ப்ல சத்தத்தைக் கூட்டு, விரலை மெதுவாத் தொடுங்கிறதுதான் அவர் பாடம். மின்சாரம் செய்ய வேண்டிய வேலையை மணிக்கட்டு ஏன் செய்யணும்?

சரித்திரம் சொல்ற வைத்தியம்

இவ்வளவு கதையிலிருந்து நாம எடுத்துக்கக் கூடியது:

1. ஸ்ட்ராப்பைத் தூக்குங்க. உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்துல இருக்கோ, நிக்கும்போதும் அங்கேயே இருக்கணும். கழுத்து நுனி கொஞ்சம் மேல் நோக்கி இருக்கட்டும். பில் வைமன் சிரிச்சுக்குவார்.

2. அஞ்சாவது ஃப்ரெட்டுக்குக் கீழே 1-2-4. அதுக்கு மேல போனா ஃப்ரெட்கள் நெருங்கிடும் (அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் சுமார் 10.3 செ.மீ.தான்). அங்க நாலு விரலும் வெச்சுக்கலாம். எட்டலைன்னா விரலை விரிக்காதீங்க, கையை நகர்த்துங்க.

3. கட்டைவிரல் தாங்கத்தான், நசுக்க இல்லை. அப்பப்போ கட்டைவிரலை எடுத்துட்டு ஒரு வரி வாசிச்சுப் பாருங்க. எவ்வளவு பலத்தை வீணாக்குறோம்னு தெரியும். விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டின மாதிரி வெச்சா இன்னும் குறைஞ்ச அழுத்தம் போதும்.

4. ஆம்ப்பைக் கூட்டுங்க, விரலைக் குறைங்க. கம்பி உயரத்தை ஒரு நல்ல மெக்கானிக் கிட்ட கொடுத்து இறக்கி வாங்குங்க. மெல்லிய கம்பி போட்டாலும் குறைச்சல் ஒண்ணும் இல்லை.

5. வலது முன்னங்கையை வாத்திய விளிம்புல தொங்கப்போட்டு மணிக்கட்டை மடக்காதீங்க. ஃபெண்டர் கம்பெனியே 1954ல பிரிசிஷனோட கூர் விளிம்புகளைச் செதுக்கி உடம்போட ஒட்டுற மாதிரி மாத்துச்சு.

6. கழுத்து சாயுற பேஸா? சொரசொரப்பான அகல ஸ்ட்ராப் போடுங்க, இல்லைன்னா வேற பேஸ் பாருங்க. 30 அங்குல பேஸ் வாங்கினா கௌரவம் குறையாது.

7. திடீர்னு கூட்டாதீங்க. தினம் அரை மணி வாசிக்கிறவர் கச்சேரி வாரத்துல அஞ்சு மணி நேரம் வாசிக்கிறதுதான் பெரும்பாலும் கையைக் கெடுக்குது. அரை மணிக்கு ஒருக்கா அஞ்சு நிமிஷம் கையைத் தொங்கவிடுங்க. பகல் பூரா கீபோர்ட் தட்டுறதும் செல்போன் தேய்க்கிறதும் அதே கைதான். அதே கணக்குலதான் சேரும்.

8. ராத்திரி தூக்கத்துல கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போறது, சாமான் கை நழுவி விழறது, விரல் சொன்ன பேச்சு கேட்காம தானா மடங்குறது - இதெல்லாம் எண்ணெய் தேய்க்கிற கேஸ் இல்லை. டாக்டர் கிட்ட போங்க, "நான் பேஸ் வாசிக்கிறேன்"னு சொல்லுங்க. முடிஞ்சா வாசிக்கிற வீடியோவைக் காட்டுங்க.

புது விரல் தழும்பு கட்டுற வரைக்கும் விரல் நுனி எரியும், அது வேற. தசை கொஞ்சம் களைச்சுப் போகும், அதுவும் வேற, தூங்கி எழுந்தா போயிடும். மணிக்கட்டுக்குள்ள குத்துறதும் மரத்துப் போறதும் வாசிப்புக்குக் கட்ட வேண்டிய வரி இல்லை. கட்டாம வாசிச்சவங்க நிறைய பேர் இருந்திருக்காங்க. அவங்க வழி சிமாண்டில் காலத்துலேர்ந்து திறந்தேதான் கிடக்கு.

ஜேமர்சன் மாதிரி வாசிக்க நமக்கெல்லாம் ஏழு ஜென்மம் வேணும். ஆனா அறுபது வயசுலயும் ஏதோ ஒரு ராஜா பாட்டுக்குக் கூடவே வாசிக்க ஒரு நல்ல மணிக்கட்டு போதும். அதைப் பத்திரமா வெச்சுக்குங்க மக்களே.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. படிச்சதையும் பார்த்ததையும் தொகுத்துச் சொல்லியிருக்கேன். வீணை, மாண்டலின், கீபோர்ட்னு வேற வாத்தியம் வாசிக்கிறவங்க, உங்க குருநாதர் கையைக் காப்பாத்திக்க என்ன சொல்லிக் கொடுத்தார்னு பின்னூட்டத்துல எழுதுங்க. அதெல்லாம் எங்கேயும் பதிவாகாமலே போயிடக்கூடாது.